வேளாண் உயர்கல்வி: வகுப்பறையிலிருந்து மின்வழிக் கற்றலுக்கு மாறுவதற்கான முழுமையான வழிகாட்டி

வேளாண் பட்டப்படிப்பில் ஒரு பாடத்தையாவது மின்வழிக் கற்றலுக்கு மாற்றலாம் என்ற பேச்சு எழுந்தவுடன், மண்ணைத் தொடாமலும் பயிரைப் பார்க்காமலும் வேளாண்மையைக் கற்க முடியுமா என்ற கேள்வி துறைக்குள் எழுகிறது. முடியாது என்பதே நேர்மையான விடை. ஆயினும் அத்துடன் விவாதத்தை முடித்துக்கொள்வது சரியன்று. விரிவுரை அரங்கில் குறிப்பெடுத்தபடி அமர்ந்திருக்கும் மாணவரும் மண்ணைத் தொடுவதில்லை. கல்லூரிப் பண்ணை எவ்வளவு நன்றாகப் பராமரிக்கப்பட்டாலும் அது ஓரிரு வகை மண்ணையும் ஒரே தட்பவெப்பத்தையும்தான் காட்டுகிறது. ஓர் அரையாண்டில் மாணவர் காண்பது ஒரே ஒரு பருவத்தை. இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் விளைச்சல் மாறும் ஒரு தொழிலுக்கு ஆயத்தமாகிறவர்களுக்கு இது சிறிய குறையன்று.

ஆகவே இந்த மாற்றத்தை நான் இவ்வாறு பார்க்கிறேன்: கை பழகிக் கற்க வேண்டியதை வயலுக்கே விட்டுவிட வேண்டும்; ஒரே வயலால் காட்ட முடியாத பல இடங்களையும் பல ஆண்டுகளையும் திரைவழியே கொண்டுவர வேண்டும்; விரிவுரையில் செலவான நேரத்தை மீட்டு வயலுக்குத் திருப்ப வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த நோக்கத்தைக் கொண்டே அமைந்தவை. ஒரு பாடத்தைப் பொறுப்பேற்று நடத்தும் ஆசிரியரையும், அவருக்குத் துணைநிற்க வேண்டிய துறைத் தலைவரையும் மனத்தில் கொண்டு இவற்றை எழுதுகிறேன்.

முதல் படி: பாடத்தைக் கூறுகூறாகப் பிரித்தல்

இருக்கும் விரிவுரைக் குறிப்புகளை அப்படியே இணையத்தில் ஏற்றுவது பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை. அதைச் செய்யாதீர்கள். முதலில் பாடத்திட்டத்தின் ஒவ்வோர் அலகையும் எடுத்து, அதன் முடிவில் மாணவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதை ஒரு வினைச்சொல்லோடு முடியும் வாக்கியமாக எழுதுங்கள். மண் நயத்தை, அதாவது மண்ணில் மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் விகிதத்தை, எடுத்துக்கொண்டால், “மண் நயத்தைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. “ஈர மண்ணை விரல்களால் பிசைந்து அதன் நய வகையைச் சொல்வார்” என்று எழுதினால் அளக்கலாம். பெஞ்சமின் புளூம் தலைமையிலான குழு 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கப் பகுப்பு அறிவுத்தளத்தைப் பற்றியது. செயல்திறன் தளத்துக்கான பகுப்பைப் பின்னர் எலிசபெத் சிம்சன் போன்றவர்கள் வகுத்தனர். வேளாண் ஆசிரியருக்கு இரண்டும் தேவை.

இப்படி எழுதிய விளைவுகளை மூன்றாகப் பிரிக்கலாம். அறிந்துகொள்ள வேண்டியவை ஒன்று. தகவல்களை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டியவை மற்றொன்று. கையாலும் கண்ணாலும் பழக வேண்டியவை மூன்றாவது. முதல் வகை முழுவதும் இணையவழிக்குச் செல்லலாம். இரண்டாம் வகை இணையத்தில் வகுப்பறையைவிடச் சிறப்பாகவே நடக்கும். மூன்றாம் வகையில் ஆயத்தப் பகுதி மட்டுமே திரைக்கு உரியது.

மண் நயத்தையே எடுத்துக்கொள்வோம். மணல், வண்டல், களி ஆகிய துகள்களின் அளவு எல்லைகளையும், அவற்றின் விகிதத்திலிருந்து நய வகையைக் காட்டும் வரைபடமான நய முக்கோணத்தைப் படிக்கும் முறையையும் வீட்டிலிருந்தே கற்கலாம். பிசைந்த மண்ணைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நாடாவாகத் தள்ளும்போது அது 2.5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால் இருமண்பாடு (மூன்று துகள்களும் கலந்த மண்), 2.5 முதல் 5 வரை நீண்டால் களி இருமண்பாடு, அதற்கு மேலும் நீண்டால் களிமண் என்ற விதியையும் படமாகக் காட்டலாம். ஆனால் எவ்வளவு நீர் சேர்த்தால் பிசையும் பதம் வரும் என்பதை விரல்தான் கற்க வேண்டும். வேளாண் பொருளியல், புள்ளியியல் போன்ற பாடங்களில் மூன்றாம் வகை மிகக் குறைவு. பூச்சியியல், பயிர் நோயியல், தோட்டக்கலையில் அதுவே பாதிக்கு மேல் வரக்கூடும். எல்லாப் பாடங்களுக்கும் ஒரே விகிதத்தை நிர்வாகம் விதிப்பது இதனாலேயே தவறாகிறது.

இரண்டாம் படி: நாட்காட்டியைப் பயிரிடம் கேட்டு அமைத்தல்

மற்றத் துறைகளுக்கு எழுதப்பட்ட மின்வழிக் கற்றல் கையேடுகளில் இந்தப் படி இருப்பதில்லை. வேதியியல் ஆசிரியர் ஒரு செய்முறையை எந்த வாரத்திலும் படம்பிடிக்கலாம். கதிர் வெளிவரும் பருவத்தைப் படம்பிடிக்க விரும்பும் உழவியல் ஆசிரியர் கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த வாய்ப்பு அடுத்த பருவத்தில்தான். எனவே பாடம் தொடங்குவதற்கு ஒரு முழுப் பயிர்க்காலம் முன்னதாகவே பதிவு வேலை தொடங்கியாக வேண்டும். ஆறு மாதத்தில் மாற்றிவிடுங்கள் என்று கேட்கும் நிர்வாகத்திடம் இந்த ஒரு காரணத்தை எடுத்துச் சொன்னாலே போதும்.

பதிவுக்கு ஒழுங்கு வேண்டும். விதைப்பு நாளிலிருந்து அறுவடை வரை ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில் வாரந்தோறும் படமெடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் தேதியோடு வளர்ச்சி நிலையையும் குறியுங்கள். முளைப்பு முதல் முதிர்வு வரை 0 முதல் 9 வரையான முதன்மை நிலைகளைக் கொண்ட பிபிசிஎச் அளவுகோல் பல பயிர்களுக்கும் பொருந்தும். தானியங்களுக்கு 1974-இல் வெளியான சாடோக்ஸ் அளவுகோலும் உண்டு. “விதைத்த 45-ஆம் நாள்” என்ற குறிப்பு வேறு தட்பவெப்பத்தில் படிக்கும் மாணவருக்குப் பயன்படாது. வளர்ச்சி நிலை எங்கும் பொருள்படும்.

மாணவரின் வயல் நாட்களை முதலில் நாட்காட்டியில் குறித்துவிட்டு, இணையப் பாடங்களை அவற்றுக்கு முன்னும் பின்னுமாக நிரப்புங்கள். ஒட்டுக் கட்டும் பருவம் பாடத்தின் மூன்றாவது வாரத்தில் வந்தால், பாடநூலில் பத்தாவது இயலாக இருக்கும் ஒட்டுக் கட்டுதல் இணையத்தில் இரண்டாவது வாரத்துக்கு நகர்ந்தாக வேண்டும்.

மூன்றாம் படி: மாணவர் கையில் என்ன இருக்கிறது என்று அறிதல்

வேளாண் மாணவர்களில் பலர் இணைப்பு வலுவற்ற ஊர்ப்புறங்களிலிருந்து வருகிறவர்கள். ஆகவே பொருளை உருவாக்கும் முன்பே அவர்களிடம் சில கேள்விகளைக் கேட்டறியுங்கள்: பயன்படுத்துவது கைபேசியா கணினியா, அது தனக்கே உரியதா வீட்டில் பகிரப்படுவதா, இணைப்பு எந்த நேரத்தில் நன்றாகக் கிடைக்கிறது, மாதம் எவ்வளவு தரவு கிடைக்கிறது.

ஒரு கணக்கு இங்கே உதவும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 450 மெகாபைட் தரவைத் தின்றுவிடும். நொடிக்கு 32 கிலோபிட் வேகத்தில் பதிந்த பேச்சு அதே ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 14 மெகாபைட்தான். விளக்கம் மட்டுமே உள்ள பகுதியை ஒலிப்பதிவாகவும் சில படங்களாகவும் தந்துவிட்டு, அசைவைக் காட்டியே தீர வேண்டிய இடங்களில் மட்டும் காணொளியைப் பயன்படுத்தினால் எத்தனையோ மாணவர்கள் வகுப்புக்குள் வந்துவிடுவார்கள். நேரலை வகுப்பு நடத்தினால் பதிவையும் தரவிறக்கும் வசதியையும் கட்டாயம் தாருங்கள். நேரலை வருகைக்கு மதிப்பெண் வைக்காதீர்கள், ஏனெனில் அது ஊக்கத்தை அளக்காமல் அலைக்கற்றையை அளக்கிறது.

நான்காம் படி: தளம்

இதில் நெடுநேரம் செலவிட வேண்டியதில்லை. நிறுவனத்தில் பாடங்களையும் தேர்வுகளையும் இணையத்தில் நடத்த உதவும் கற்றல் மேலாண்மை அமைப்பு ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையெனில் 2002-இல் வெளியான, திறமூல மென்பொருளான மூடுல் போதுமானது. அதன் கைபேசிச் செயலியில் பாடங்களைத் தரவிறக்கி இணைப்பின்றியும் படிக்கலாம். எச்5பி என்ற திறமூலக் கருவி கொண்டு காணொளிக்குள் வினாக்களையும் கிளை பிரியும் சூழல் பயிற்சிகளையும் அமைக்கலாம். இவற்றை ஏற்கும் எந்தத் தளமும் நன்றே. ஒரு துறைக்குள் எல்லா ஆசிரியர்களும் ஒரே தளத்தில், ஒரே அடுக்கு முறையில் பாடங்களை வைப்பது மட்டும் மிக முக்கியம். மாணவர் பாடத்துக்குப் பாடம் வழி தேடக் கூடாது.

ஐந்தாம் படி: பாடப்பொருளை உருவாக்குதல்

ஒரு மணி நேர விரிவுரையைப் பதிந்து ஏற்றுவது மாணவரைத் தூரத்தள்ளும். எட்எக்ஸ் என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில் நடந்த ஏறத்தாழ 69 லட்சம் காணொளிப் பார்வைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஆய்வு, ஆறு நிமிடத்துக்குக் குறைந்த காணொளிகளே கவனத்தை நன்கு தக்கவைத்ததாகக் காட்டியது. ஒரு காணொளிக்கு ஒரு கருத்து என்று வகுத்துக்கொண்டால் இந்த அளவு தானாகவே அமையும். செயல்முறைகளைப் படம்பிடிக்கும்போது ஆசிரியரின் முகத்தை விடச் செய்யும் கையே திரையை நிரப்ப வேண்டும்; அதுவும், எதிரே நின்று பார்க்கும் கோணத்தைத் தவிர்த்து, செய்பவரின் தோளுக்குப் பின்னிருந்து படமெடுத்தால் மாணவர் இடவலம் மாறிக் குழம்பமாட்டார். காற்றின் இரைச்சல் வயல் பதிவுகளைக் கெடுக்கும். ஆகவே படத்தை வயலிலும் விளக்கவுரையை அறையிலும் தனித்தனியே பதிந்து இணைப்பது நல்லது.

ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் இரண்டு மூன்று வினாக்களை வையுங்கள். உளவியலாளர்களான ரோடிகரும் கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தனர். இந்த வினாக்களுக்கு மதிப்பெண் தேவையில்லை. தவறான விடைக்கு ஏன் தவறு என்ற விளக்கம் தேவை.

இனி, பயிர் நோய்களையும் பூச்சிகளையும் கற்பிக்கும் படத்தொகுப்பு. இங்கே மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்கள், 26 நோய்கள் தொடர்பான 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணினிக்கு நோயறியும் பயிற்சி அளிக்கப்பட்டது. பறித்த இலையைச் சீரான பின்னணியில் வைத்து எடுத்த அப்படங்களில் அதன் துல்லியம் 99.35 விழுக்காடு வரை சென்றது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் காட்டியபோது ஏறத்தாழ 31 விழுக்காடாக வீழ்ந்தது. நம் மாணவருக்கும் பாடநூலின் தெளிவான படங்களை மட்டுமே காட்டினால் இதே நிலை நேரும் என்று அஞ்சுகிறேன். ஆகவே ஒவ்வொரு நோய்க்கும் தொடக்க நிலை, முற்றிய நிலை, நிழலிலும் வெயிலிலும் எடுத்த படங்கள், பாதி தின்னப்பட்ட இலை, இரண்டு நோய்கள் கலந்த இலை, நோயே இல்லாமல் வெயிலில் கருகிய இலை என எல்லாம் தொகுப்பில் இருக்க வேண்டும். ஒற்றை இலைக்கு முன்னதாக முழுச் செடியையும், செடிக்கு முன்னதாக வயலில் பாதிப்பு பரவியிருக்கும் விதத்தையும் காட்டுங்கள். வயலில் திட்டுத்திட்டாக இருக்கிறதா, வரப்போரமாக இருக்கிறதா, சீராகப் பரவியிருக்கிறதா என்பதிலிருந்துதான் அனுபவமுள்ள நோயியலாளர் தொடங்குகிறார்.

நிறத்தைத் திரை நம்பகமாகக் காட்டாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கைபேசியும் நிறத்தை ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆகையால் மண் நிறத்தைக் குறிக்கும் மன்செல் அட்டை, நெல்லுக்குத் தழைச்சத்துத் தேவையை அறிய உதவும் இலை வண்ண அட்டை ஆகியவற்றைப் படிக்கும் முறையை மட்டும் இணையத்தில் கற்பித்து, ஒப்பிட்டு அறியும் பயிற்சியை அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்தே நடத்த வேண்டும். நிறங்களைப் பிரித்தறிய இயலாத மாணவர்களும் வகுப்பில் இருப்பார்கள். வரைபடங்களில் சிவப்பு, பச்சை என்று மட்டும் வேறுபடுத்தாமல் கோட்டின் வடிவத்தாலும் எழுத்தாலும் வேறுபடுத்துங்கள்.

முடிவெடுக்கும் பயிற்சிக்குச் சூழல் பாடங்களே சிறந்தவை. ஒரு வயலில் இலைகள் மஞ்சளாகின்றன என்று தொடங்குங்கள். மாணவர் அடுத்து எதைப் பார்க்க விரும்புகிறார் என்று கேளுங்கள். அடியிலைகளைத் தேர்ந்து, அவை முழுவதுமாக வெளிறியிருப்பதைக் கண்டால் தழைச்சத்துக் குறைபாட்டை நோக்கிப் போகலாம். அடியிலைகளின் நரம்புகள் மட்டும் பச்சையாக இருந்தால் மெக்னீசியத்தை. இளம் இலைகளில் நரம்பிடை வெளிறியிருந்தால் இரும்பை. இளம் இலைகள் சீராக வெளிறியிருந்தால் கந்தகத்தை. செடிக்குள் எளிதில் இடம்பெயரும் சத்தின் குறைபாடு முதிர்ந்த இலையில் முதலில் தெரியும் என்ற கொள்கை இந்தத் தேடலின் ஊடே மனத்தில் பதியும். வேர் அழுகும் அளவுக்கு நீர் தேங்கியிருந்ததை மாணவர் கேட்கத் தவறினால், அவர் இட்ட உரம் பயன்படாமல் போவதைக் காட்டுங்கள். வகுப்பில் ஒரு கேள்விக்கு முன்வரிசை மாணவர் விடை சொன்னதும் மற்றவர்களின் சிந்தனை நின்றுவிடும். இங்கே ஒவ்வொருவரும் தாமே முடிவெடுத்தாக வேண்டும்.

பல ஆண்டுகளையும் பல இடங்களையும் கொண்டுவருவதற்கு, பயிரின் வளர்ச்சியைக் கணினியில் கணித்துக் காட்டும் பயிர் மாதிரிகள் உள்ளன. ஐக்கிய நாடுகள் உணவு, வேளாண்மை அமைப்பு இலவசமாக வழங்கும் அக்வாகிராப், நீருக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவைக் கணிப்பது. பட்டப்படிப்பு நிலைக்கு இதுவே எளிது. டிஎஸ்எஸ்ஏடி, ஏப்சிம் ஆகிய பயிர் மாதிரிகள் முதுநிலை மாணவர்களுக்கு ஏற்றவை. ஒரே பயிரை, ஒரே மண்ணில், இருபது ஆண்டு வானிலைத் தரவுகளோடு இயக்கி, விதைப்புத் தேதியை இரண்டு வாரம் தள்ளினால் எத்தனை ஆண்டுகளில் விளைச்சல் குறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் பண்ணையாலும் ஓர் அரையாண்டில் காட்ட முடியாத பாடம் இது. மாதிரி சொல்வதெல்லாம் உண்மையன்று என்பதையும் உடனே கற்பிக்க வேண்டும். தம் பண்ணையின் பழைய விளைச்சல் பதிவுகளோடு ஒப்பிட்டு எங்கே பிசகுகிறது என்று காணச் செய்யுங்கள்.

இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் 1843 முதல் நடந்துவரும் பிராட்பாக் கோதுமைச் சோதனையின் தொகுப்புத் தரவுகள் திறந்த அணுக்கத்தில் கிடைக்கின்றன. புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1919-இல் அந்நிலையத்துக்கு வந்து வளர்த்தெடுத்த சோதனை வடிவமைப்பைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான பின்னணி அரிது. சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் 10 மீட்டர் நுணுக்கமுள்ள படங்களும் இலவசமே. ஒரு வயலின் பசுமைக் குறியீடு (படத்திலிருந்து கணக்கிடும் பயிர்ப் பசுமையின் அளவு) விதைப்பிலிருந்து அறுவடை வரை ஏறி இறங்குவதை மாணவர் தாமே வரைந்து பார்க்கலாம்.

ஆறாம் படி: செய்முறையை மீண்டும் கட்டமைத்தல்

மாணவர்கள் பல ஊர்களில் இருப்பதைக் குறையாகக் கருதிவந்தோம். வேளாண்மைக்கு அதுவே பெரும் வாய்ப்பு. ஒவ்வொருவரும் தம் இருப்பிடத்துக்கு அருகில் ஒரு குழி தோண்டி, மண் அடுக்குகளைப் படமெடுத்து, ஒரு கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டுக் குலுக்கிப் படியவிடட்டும். மணல் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் படியும், வண்டல் இரண்டு மணி நேரத்தில், களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். படிந்த அடுக்குகளின் உயரத்தை அளந்து, இடக்குறிப்போடு பொதுவான அட்டவணையில் சேர்த்தால், வகுப்பின் கையில் ஒரு மண் தரவுத்தளமே உருவாகிவிடும். நீர் உள்ளிறங்கும் வேகம், களைகளின் எண்ணிக்கை, பூச்சிப் பொறியில் விழுந்தவற்றின் கணக்கு ஆகியவற்றுக்கும் இம்முறை பொருந்தும். அளக்கும் முறையை எல்லோரும் ஒன்றாகக் கடைப்பிடிக்கும்படி எழுத்திலும் காணொளியிலும் தெளிவாகச் சொல்லாவிட்டால் தரவை ஒப்பிட முடியாது.

வீட்டில் செய்யக் கூடாதவற்றையும் வரையறுங்கள். பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி கையாளுதல், இயந்திரங்களை இயக்குதல், பெரிய கால்நடைகளைக் கட்டுப்படுத்துதல் ஆகியவை மேற்பார்வையின்றி எந்தச் சூழலிலும் ஒப்படைப்பாகத் தரப்படக் கூடாது.

மீதமுள்ள கைத்திறன்களை வளாகத்தில் தொடர் நாட்களாக நடத்துங்கள். வாரம் ஒரு மணி நேரமாகச் சிதறும் செய்முறையைவிட, விதைப்புக்கு ஒன்று, பயிர்ப் பராமரிப்புக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று என்று சில நாட்கள் சேர்ந்தாற்போல் வயலில் கழிப்பது நல்ல பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. வருவதற்கு முன் உரிய காணொளியைப் பார்த்து, வினாக்களில் தேர்ந்தவர்களாக மாணவர்கள் வர வேண்டும். அப்போது வயலில் விளக்கவுரைக்கு நேரம் போகாது. வந்த முதல் மணியிலேயே கை வேலை தொடங்கிவிடும்.

ஏழாம் படி: மதிப்பீடு

இணையத் தேர்வில் மனப்பாட வினாக்களைக் கேட்டுவிட்டு முறைகேட்டைத் தடுக்கக் கண்காணிப்பு மென்பொருளை நாடுவது வீண் செலவு. வினாவை மாற்றுங்கள். மாணவர் தம் இடத்து மண்ணையும் வானிலையையும் கொண்டு ஒரு பாசனத் திட்டம் எழுதினால், அதை வேறொருவர் விடையிலிருந்து நகலெடுக்க இயலாது. தேதியும் படங்களும் அளவீடுகளும் கொண்ட வயல் நாட்குறிப்பு, அதன்மேல் பத்து நிமிட வாய்மொழித் தேர்வு என்ற இரண்டும் சேர்ந்தால் யார் செய்தார், யார் செய்யவில்லை என்பது தெளிவாகிவிடும். கைத்திறனை ஆசிரியர் நேரில் பார்த்தே மதிப்பிட வேண்டும். அதற்கான படிநிலைகளை முன்கூட்டியே மாணவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: ஆசிரியரின் இருப்பும் வேலைப்பளுவும்

கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் ஆகியோர் 2000-இல் முன்வைத்த கட்டமைப்பு, இணையவழிக் கற்றலுக்கு அறிவுத்தேடல், சக மாணவர் உறவு, ஆசிரியரின் இருப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறது. மூன்றாவது குறைந்தால் மாணவர்கள் மெல்ல விலகிவிடுவார்கள். வாரத்தில் குறித்த நாளில் ஒரு சிறு குரல் செய்தி, விவாதப் பகுதியில் இரண்டு நாளுக்குள் மறுமொழி, முதல் மூன்று வாரங்களில் உள்நுழையாத மாணவரை நேரடியாக அழைத்துப் பேசுதல் ஆகியவற்றைத் தவறாமல் செய்யுங்கள்.

நிர்வாகத்துக்கும் ஒரு கடமை உண்டு. முதல் ஆண்டில் பாடத்தை உருவாக்கும் ஆசிரியரின் வகுப்புச் சுமையைக் குறைத்தாக வேண்டும். படம்பிடிக்கவும் தொகுக்கவும் ஒருவரைத் துணைக்குத் தர வேண்டும். பண்ணைப் பணியாளர்களையும் இந்த வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஒட்டுக் கட்டும் கை பெரும்பாலும் அவர்களுடையதே, அவர்கள் பெயர் காணொளியில் இடம்பெற வேண்டும். பிறருடைய பொருளைப் பயன்படுத்தும்போது அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைச் சரிபாருங்கள். ஆய்விதழ்கள் எட்டாத நிறுவனங்கள், 2003-இல் தொடங்கப்பட்ட அகோரா திட்டத்தின் வழியாக அவற்றைப் பெறத் தகுதி உண்டா என்று பார்க்கலாம்.

ஒன்பதாம் படி: ஒரு பாடத்தில் சோதித்து விரித்தல்

ஒரு துறையில் ஒரு பாடம், ஒரு முழுப் பயிர்க்காலம் என்று தொடங்குங்கள். மாணவர் எந்த நிமிடத்தில் காணொளியை நிறுத்துகிறார்கள், எந்த வினாவில் பலரும் தவறுகிறார்கள் என்பதைத் தளத்தின் பதிவுகள் காட்டும். ஆனால் அதைவிட முக்கியமான அளவுகோல் வயலில் இருக்கிறது: முந்தைய ஆண்டு மாணவர்களுக்கு வைத்த அதே செய்முறைத் தேர்வை இவர்களுக்கும் வைத்துப் பாருங்கள். அறிமுகமில்லாத வயலில் இறக்கிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் குறைபாடுகளைக் கண்டறிந்து எழுதச் சொல்லுங்கள். இதில் பின்தங்கினால் எந்தத் திறனில் பின்தங்கினார்கள் என்று பார்த்து, அதைத் திரையிலிருந்து எடுத்து வளாக நாட்களுக்கு மாற்றுங்கள். முன்னேறியிருந்தால் அந்த அலகின் பொருளை அடுத்த பாடத்தின் ஆசிரியரிடம் கொடுத்து, அடுத்த விதைப்புக்கு முன் அவருடைய படப்பதிவு நாட்காட்டியை இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.